எண்ணெய்க்குச் சுடுதண்ணீர், ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர்

என் சின்ன முதலாளிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், நீ அங்கே முழுசாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஓரளவு என்ற வார்த்தையைப் பார்த்ததும் உன் புருவம் ஏறியிருக்கும். எல்லாவற்றையும் சொல்கிறேன், ஒன்றையும் மறைக்கப்போவதில்லை, ஆனால் என் வரிசையில்தான் சொல்வேன். நின்றபடியே கடிதம் படிக்கிற பழக்கம் உனக்கு, முதலில் உட்கார். அப்பா பிழைத்துவிட்டார், நான் பிழைத்துவிட்டேன், உன் புருஷனாக இருந்தவன் ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலோடு படுத்திருக்கிறான். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

போன கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். வாடகை வீட்டின் கார் ஷெட் தரை முழுக்க முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன எண்ணெய்க் கறை, சோப்புத்தூள் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை, தரை சுத்தமானால் அங்கேயே சைக்கிள் ரிப்பேர் கடை போட்டுக்கொள்ள வீட்டுக்காரம்மா சம்மதிப்பார், அப்பாவிடம் வழி கேட்டு எழுது என்று. நான் வேலை பார்க்கும் சலவைக்கூட முகவரிக்கு வந்த அந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான்கு முறை படித்தேன். இரண்டு வருஷத்தில் நீ கேட்ட முதல் சாதாரணக் கேள்வி அது. பூட்டு, போலீஸ், வக்கீல் எதுவும் இல்லாமல், கறை எப்படிப் போகும் என்று ஒரு கேள்வி. சிரித்துக்கொண்டே அழுதேன் போலிருக்கிறது, மெஷின் ஓட்டுகிற பெண் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேள்வியை மட்டும் சொன்னேன், நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்பதை வழக்கம்போலச் சொல்லவில்லை. வண்டிக்கு ஒரு நட்டு மாட்ட வந்தவரிடம் நம் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி அனுப்புகிறவர் அவர். “நான் என்ன ரேடியோவா” என்று கோபித்துக்கொண்டார். ரேடியோவையாவது நிறுத்தலாம் என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புதிதாகச் சிந்திய எண்ணெய் என்றால் தேய்க்கவே தேய்க்காதே, தேய்த்தால் பரவும், மரத்தூளைக் கொட்டி ஒரு நாள் விட்டுவிடு, அது குடித்துக்கொள்ளும், பிறகு கூட்டி அள்ளு. பழைய கறைக்குச் சலவை சோடாவும் சோப்புத்தூளும் சரிபாதி எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அதன்மேல் பூசி அரை நாள் ஊறவிட்டு, முரட்டு பிளாஸ்டிக் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், கம்பித் துகள் சிமெண்டில் தங்கித் துருப்பிடிக்கும், ஒரு கறையைத் துரத்த இன்னொரு கறையைக் கூப்பிட்ட கதையாகிவிடும். அதற்கும் அசையாவிட்டால் மரத்தூளைப் பெயிண்ட் தின்னரில் பிசைந்து கறையின் மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்து ஒரு நாள் முழுக்க விடு, உள்ளே இறங்கினது மேலே ஏறி வரும். கதவு திறந்தே இருக்கட்டும், பக்கத்தில் தீக்குச்சி கூடக் கிழிக்காதே. “சிமெண்டு பார்க்கத்தான் கல்லு, உள்ள பூரா பஞ்சு” என்கிறார். ஆசிட் ஊற்றினால் கறை அப்படியே இருக்கும், தரைதான் கரையும். நான் சேர்ப்பது ஒன்று: ஆசிடையும் ப்ளீச்சிங்கையும் ஒரே வாளியில் கலந்துவிடாதே, சலவைக்கூடத்தில் ஒருத்தி அப்படிக் கலந்துவிட்டு மூச்சு முட்டி விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவ்வளவுதான் எழுதுவதாக இருந்தேன். அந்த வாரமே அனுப்பியிருந்தால் கடிதம் இதோடு முடிந்திருக்கும்.

விவாகரத்துத் தீர்ப்பின் நகல் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அது. எனக்கு வார விடுமுறை, மதியம் மூன்று மணி இருக்கும், பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்பா நம் வீட்டு ஷெட்டில் பள்ளிக்கூட வாத்தியாருடைய பழைய காருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டு, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து அடியில் போயிருக்கிறார். முட்டுக் கொடுக்கிற இரும்பு ஸ்டாண்டுகளை வைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக ஊரில் உள்ள மெக்கானிக்குகளுக்கெல்லாம் புத்தி சொன்ன மனுஷர், ரெண்டு நிமிஷ வேலைதானே என்று தனக்கு மட்டும் சலுகை கொடுத்துக்கொண்டார். ஆனால் கழற்றிய சக்கரத்தைப் படுக்கைவாக்கில் வண்டியின் விளிம்புக்கு அடியில் தள்ளிவிடுகிற பழக்கம் அவர் கைக்கு இருந்தது, அதை மட்டும் செய்திருந்தார். அவரை நான் இன்றைக்கும் திட்ட முடிகிறது என்றால் அந்தச் சக்கரத்தால்தான்.

ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. அப்பா பகலில் ஷட்டரை இறக்கவே மாட்டார், தெருவில் போகிறவர்களோடு பேச முடியாதே. ஈரத் துணியைத் தோளில் போட்டபடி சமையலறை வழியாக வந்து உள்கதவைத் திறந்தேன். அவன் ஜாக்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான், வலது கை ஜாக்கியின் கம்பி மேல். தலை படிய வாரி, சட்டையில் மடிப்புக் கலையாமல், பெண் பார்க்க வந்த அன்று எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். “வாங்க அத்தை” என்று என் வீட்டுக்கு என்னையே வரவேற்றான். வண்டிக்கு வெளியே அப்பாவின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன, ஒரு செருப்பு கழன்று கிடந்தது. அவன் சத்தமே போடவில்லை மகளே. “நான் சண்டைக்கு வரலை. அவ எங்க இருக்கான்னு சொல்லுங்க, எழுந்து போயிடுறேன்” என்றான். அடியிலிருந்து அப்பா, “எனக்குத் தெரியாதுடா, தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஊருக்கே சொல்லியிருப்பேனே” என்றார். அந்த நேரத்திலும் அவர் அப்படித்தான். அவன் கம்பியைக் கொஞ்சமாகத் திருகினான். ஜாக்கி பெருமூச்சு விட்டது, வண்டி இரண்டு விரல் அளவு இறங்கியது. அப்பாவின் பாதங்கள் விறைத்துக்கொண்டன. “மாமாவுக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும் அத்தை. உங்களுக்குத் தெரியும்” என்றான், மறுபடி திருகினான்.

இதை எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன், இனி கிழிக்கப்போவதில்லை. நான் சொல்லிவிட்டேன். நீ இருக்கிற ஊரின் பெயரைச் சொல்லிவிட்டேன். தெருப் பெயரையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடியிலிருந்து அப்பா, “சொல்லாத. நான் கிழவன், என்னை விடு, சொல்லாத” என்றார். நெஞ்சின் மேல் பாரம் உட்கார்ந்த குரல் அது. அவன் இடது கையால் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து ஊர்ப் பெயரை அதில் தட்ட ஆரம்பித்தான், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னான். அவன் கண் போனுக்குப் போனது. என் கைக்கெட்டும் தூரத்தில் வேலைமேசை மேல் வீல் ஸ்பேனர் இருந்தது, முழங்கை நீளத்தில் ஒன்று இருக்குமே, நீ சின்ன வயதில் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு திரிவாயே, அதுதான். எடுத்தேன், அடித்தேன். கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் விழுந்தது. சலவை மெஷினில் தடித்த பொத்தான் மாட்டிக்கொண்டு உடைந்தால் ஒரு சத்தம் வரும், அதே சத்தம் அவன் எலும்பில் கேட்டது.

அவன் சாயும்போது கம்பியைப் பிடித்திருந்த கையும் சேர்ந்து சுழன்றது. வண்டி மொத்தமாக இறங்கிவிட்டது. ஆமாம், என் அடியால் இறங்கியது. மறுபக்கம் சக்கரம் கிடப்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டி சக்கரத்தின் மேல் உட்கார்ந்ததால் அப்பாவின் நெஞ்சு தப்பித்தது, ஆனால் வெளியே வரலாம் என்று அந்தச் சக்கரத்தைத்தான் இடது கையால் பற்றியிருக்கிறார், விரல்கள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. அவர் கத்தவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். நான் அவர் பக்கம் திரும்பினேன், அது தப்பு. அவன் என் கணுக்காலைப் பிடித்து இழுத்தான், குப்புற விழுந்தேன், மேசைக் காலில் வாய் மோதியது, முன்பற்கள் இரண்டும் போயின. எழுவதற்குள் என் மேல் ஏறி உட்கார்ந்து முழங்கையைத் தொண்டையில் வைத்து அழுத்தினான், மற்ற கை அவனுக்கு வேலை செய்யவில்லை. அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இந்த முகத்தைத்தானே நீ மூன்று வருஷம் பார்த்தாய் என்று நினைத்துக்கொண்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கால் எதையோ உதைத்தது. வடித்து வைத்திருந்த பழைய ஆயில் தட்டு அது, கவிழ்ந்து அவன் முழங்காலுக்கு அடியில் பரவியது, அவன் வழுக்கினான். நான் உருண்டு ஸ்பேனரைப் பிடித்து, எழ முயன்றவனின் முன்கையில் அடித்தேன். இரண்டாவது அடி அது. எண்ணெயில் குப்புற விழுந்தான். “போதும் அத்தை” என்றான். தெளிவாகக் கேட்டது. நீ எத்தனை நாள் இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாய் என்று நினைப்பு வந்தது. மூன்றாவதாக அவன் முழங்காலில் அடித்தேன்.

அதற்குப் பிறகு ஜாக்கி. அது எப்படி ஏறும் என்று எனக்கு எங்கே தெரியும், முப்பது வருஷமாக அந்த ஷெட்டுக்குள் தேநீர்த் தம்ளர் வாங்கத்தானே போனேன். அப்பாதான் அடியிலிருந்து, வாடிக்கையாளருக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். “கம்பியை வலது பக்கம் திருகு. இறுக்கமா. இப்ப மேலயும் கீழயும் அடி. மெதுவா அடி, அவசரமில்ல.” என் கை முழுக்க எண்ணெய், கம்பி வழுக்கிக்கொண்டே இருந்தது, தோளில் கிடந்த ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தேன். எதிர்வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டு வந்து ஷட்டரைத் தூக்கியபோது வண்டி நான்கு விரல் ஏறியிருந்தது. அவர் நேராகப் போய் அப்பாவின் கால்களைப் பிடித்துப் பலகையோடு வெளியே இழுத்தார். கை எப்படி இருந்தது என்று எழுதப்போவதில்லை. தையல்காரர் தன் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நான் ஸ்பேனரோடு அவன் தலைமாட்டிலேயே நின்றேன்.

அப்பாவுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் எடுத்தாகிவிட்டது, நடுவிரல் மடங்காது, விலா எலும்பில் மூன்று விரிசல். இடது கை என்பதால் வேலைக்குப் பாதகமில்லை என்று டாக்டரிடமே வாதம் செய்கிறார். “பத்துல எட்டு. பரீட்சைன்னா முதல் வகுப்பு” என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அவருக்குச் சாப்பாடு ஊட்டும்போது, என் அடியால்தான் வண்டி இறங்கியது என்று சொன்னேன். நான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவரும் கடைசிவரை சொல்லியிருக்கமாட்டார். மென்று முடித்துவிட்டு, “கம்பியைப் பிடிச்சிருந்தது அவன் கை. உன் கை இல்ல. அடுத்த வாய் குடு” என்றார். எனக்கு இரண்டு பல், குரல் ஒரு வாரம் கரகரப்பு, கழுத்தைச் சுற்றி இருந்த நீலம் இப்போது மஞ்சளாகிவிட்டது. காற்று இல்லாமல் ஒரு வார்த்தை வெளியே வருவதில்லை, சலவைக்கூடத்துப் பெண்கள் எனக்கு விசில் மேடம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா, வாளியில் தண்ணீர் பிடித்தேன். ரத்தம் காய்வதற்குள் கழுவ வேண்டும், பச்சைத்தண்ணீரில் கழுவ வேண்டும், என் கை மூளையைக் கேட்காமலே போகும். ஷெட் வாசலில் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் நின்றிருந்தார், என் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார். “அம்மா, தொடாதீங்க. இந்தத் தரைதான் உங்களுக்குச் சாட்சி. கழுவிட்டீங்கன்னா அவன் சொல்றதுதான் கதை” என்றார். நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துவிட்டார், மயக்கம் என்று நினைத்தார். மயக்கமில்லை. உன் வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. கல்யாணமான ஏழாவது மாதம், காலர் முழுக்க ரத்தத்தோடு நீ வந்து நின்றாயே. நான் உன்னைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் சட்டையைக் கழற்றச் சொன்னேன். பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டு, மருந்து விட்டு, ஒரு புள்ளி இல்லாமல் எடுத்து, இஸ்திரி போட்டு, கொஞ்சம் பொறுத்துப் போ மகளே என்று சொல்லி அதே சட்டையைப் போட்டு அனுப்பினேன். பிறகு நீ புகார் கொடுத்தபோது என்ன ஆதாரம் இருக்கிறது என்று அவனுடைய வக்கீல் கேட்டார், நீ என்னைப் பார்த்தாய், நான் தரையைப் பார்த்தேன். என் வேலையில் இவ்வளவு கெட்டிக்காரியாக நான் இருந்திருக்க வேண்டாம். இதை உன் முகத்துக்கு நேராக ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது எழுத்தில் சொல்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

நான்கு நாள் அந்தத் தரையை யாரும் தொடவில்லை. படம் எடுத்தார்கள், சுரண்டி எடுத்தார்கள், சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார்கள். ஐந்தாம் நாள் கழுவிக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டரம்மாவே போன் செய்தார். அதற்குள் ரத்தமும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்து கறுப்புத் தோல் மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பா கையைத் தொட்டிலில் போட்ட மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, சுடுதண்ணீர் ஊற்று என்றார். ஊற்றினால் ரத்தம் வெந்து சிமெண்டோடு ஒட்டிக்கொள்ளும், முதலில் பச்சைத்தண்ணீர் என்றேன். எண்ணெய்க்கு அது ஆகாது என்றார். உங்கள் எண்ணெய் காத்திருக்கட்டும், முதலில் என் ரத்தம் என்றேன். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம், மனசு கொஞ்சம் லேசானது. கடைசியில் என் வழிதான் நடந்தது. பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டுச் சுரண்டி, மருந்துக்கடையில் காயத்துக்குக் கொடுக்கும் பெராக்சைடை ஊற்றினேன். அது நுரைக்கிறபோது பார்க்கக்கூடாது, உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிற மாதிரி பொங்கும். துடைத்தேன், மறுபடி ஊற்றினேன், மறுபடி பொங்கியது. பதினோராவது தடவை பொங்கவில்லை. அதன் பிறகுதான் சோடாவும் கொதிக்கிற தண்ணீரும், அதன் பிறகு மரத்தூளும் தின்னரும். இது யாருடைய ரத்தம், அப்பாவுடையதா, என்னுடையதா, அவனுடையதா என்று தேய்க்கும்போது யோசித்துக்கொண்டே இருந்தேன், தரைக்கு எல்லாம் ஒரே நிறம்தான். மரத்தூளைக் கூட்டும்போது என் பல் ஒன்று கிடைத்தது. அப்பா அதைத் துடைத்து வாஷர் போடுகிற டப்பாவில் போட்டு, “அளவு சரியா இருக்கு, எங்கேயாவது உதவும்” என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

கறை போய்விட்டது. ஆனால் போன இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்து, ஆள் படுத்த வடிவத்தில் தெரிந்தது. கறையைவிடச் சுத்தம் மோசமாகிவிட்டது. அதனால் ஷெட் முழுவதையும் அதே மாதிரி கழுவினேன், மூன்று நாள் ஆனது, தையல்காரரும் அவர் மனைவியும் பிரஷோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இது உனக்குத் தெரியவேண்டிய விஷயம், ஒரு இடத்தை மட்டும் கழுவினால் அந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

இப்போது வழக்கு. நம் வக்கீலம்மா நல்லவர், உனக்காக அலைந்தவர், அவர் சொல்வதைத் தட்டக் கூடாதுதான். ஒரு அடி என்று சொல்லுங்கள், தற்காப்பு என்று முடிந்துவிடும், மிஞ்சிப்போனால் இரண்டு என்கிறார். மூன்றாவது அடியைச் சொன்னால் என் மேலும் ஒரு வழக்கு வரலாமாம். அவன் முழங்கால் இனி நேராகாது என்று அவர்கள் பக்கத்து டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்று என்றுதான் சொல்வேன் என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த மூன்றாவது அடியைப் பற்றிப் பெருமை இல்லை, வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால் அதுவும் இல்லை, படுத்தால் அவன் “போதும் அத்தை” என்றது மட்டும் காதில் கேட்கிறது. ஆனால் ஒரு தடவை எல்லாவற்றையும் வெளுத்து அனுப்பி என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன். நான் ஒன்றை மறைத்து அவர்கள் அதைக் கண்டுபிடித்தால், மற்ற எல்லாமே பொய் என்பார்கள். அப்பாவிடம் கேட்டேன். “எத்தனை அடிச்சியோ அத்தனை சொல்லு. ஜாமீன் எடுக்க நான் வர்றேன்” என்றார்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம், இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக வந்தேன். அந்த ஊர்ப் பெயர் அவன் போனில் பாதி இருந்தது, போனைப் போலீஸ் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பெயர் அவன் தலையில் முழுசாக இருக்கிறது. முதல் இரண்டு நாள் காவல் சரியாகப் போடுவதற்குள் அவனுடைய அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். போன செவ்வாய்க்கிழமை அந்த அண்ணன் நம் வீட்டு கேட்டுக்கு எதிரில் அரை மணி நேரம் நின்றான். தையல்காரர் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே போய் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இன்ஸ்பெக்டரம்மா உன் ஊர்ப் போலீசுக்குச் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் போதாது. நீ கிளம்பிவிடு. அந்தத் தரையைத் தேய்க்காதே, கறை கறையாகவே இருக்கட்டும், வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாமான்களோடு கிளம்பு. நீ சேர்த்த வாடிக்கையாளர்கள், உன் பெயர்ப் பலகைக்கு நீ பார்த்து வைத்த பச்சை நிறம், எல்லாம் என் வாயால் போயிற்று. திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள், ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டே திட்டு.

போய்ச் சேர்ந்த இடத்தை வக்கீலம்மாவுக்கு மட்டும் சொல். எனக்குச் சொல்லாதே. நான் உறுதியானவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், இரண்டு விரல் அளவு வண்டி இறங்கியதும் உன் ஊரைச் சொல்லிவிட்டேன், மறுபடி அப்படி ஒரு நேரம் வந்தால் மறுபடியும் சொல்வேன், அப்பாவை என்னால் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தெரியாததைத்தான் என்னால் காப்பாற்ற முடியும். நீ எழுதுகிற கடிதத்தை வக்கீலம்மாவின் உறையில் போட்டு அனுப்பு, அங்கே மழையா வெயிலா என்றுகூட எழுதாதே, நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவேன். உடம்பு எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா, இதை மட்டும் எழுது. எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன்.

நீ நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், உன் கையால் சம்பாதித்து உன் கதவை நீயே பூட்டித் திறந்து நூறு வயசு வாழ வேண்டும். உன் நிழலைக்கூட எவனும் மிதிக்கக் கூடாது. அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார், கூடவே உனக்கு ஒரு முத்தம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மறந்துவிடாதே, முகவரி இருக்கிற உறையைக் கிழித்துப் போடு, கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். நாளைக்கு யாராவது என்ன நடந்தது என்று கேட்டால், மூன்று என்று என் கையெழுத்திலேயே இதில் இருக்கிறது.

நீ இந்த வரியைப் படிக்கும்போது பாதிப் பெட்டியாவது கட்டி முடித்திருப்பாய் என்று நம்பும்,
உன் அம்மா